நீண்ட ஆங்கிலச் சொல்லை வால் பக்கமாகப் பிடிப்பது எப்படி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் பேப்பரும் பென்சிலுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆங்கிலப் பேப்பர்களில் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஒன்பது எழுத்துப் போட்டு வருமே, அந்தப் புதிர். நடுக்கட்டத்து எழுத்து எல்லாச் சொல்லிலும் வந்தாக வேண்டும், ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சொல்லில் ஒரு முறைதான் எடுக்கலாம், ஒன்பதையும் பயன்படுத்தும் சொல் ஒன்றாவது உள்ளே ஒளிந்திருக்கும். அவள் ரேட், கேட், ஸ்டேஜ் என்று பத்துப் பதினைந்து எழுதிவிட்டு ஸ்ட்ரெயினில் நின்றுவிட்டாள். "சித்தி, ஆறெழுத்துக்கு மேல போகவே மாட்டேங்குது" என்றாள். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் ஸ்கிராபிள் ஆடுகிறவர்கள், போனில் தேன்கூட்டுப் புதிர் போடுகிறவர்கள், பிள்ளைகளின் ஹோம்வொர்க்கில் 'இந்த எழுத்துகள் வரும் நீளமான சொல் ஐந்து எழுதுக' என்ற கேள்வியோடு போராடுகிற பெற்றோர், எல்லோரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதலில் எழுத்துகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். டேபிளுக்கு வரும் டி-யும் டாக்டருக்கு வரும் டி-யும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும், பேப்பர் பி-யும் பஸ் பி-யும் அப்படியே. சும்மா டி என்று எழுதினால் டேபிள் டி, சும்மா பி என்றால் பேப்பர் பி. மற்ற இரண்டும் வரும்போது டாக்டர் டி, பஸ் பி என்று சொல்லியே எழுதுகிறேன்.

சரி, அவளுடைய கட்டத்தில் இருந்த எழுத்துகள் இவை: ஏ, இ, ஜி, ஐ, என், ஆர், எஸ், டி, யு.

எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். ஏதாவது ஒரு எழுத்தை முதலில் வைத்து, அதற்குப் பின்னால் என்ன வரும் என்று யோசித்தாள். குட்டிச் சொற்களுக்கு இது சரிப்படும், ஏனென்றால் அவை நமக்கு ஏற்கெனவே மனப்பாடம். ஏழெழுத்தைத் தாண்டிய ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை அப்படி ஒரே துண்டாக இருப்பதில்லை, முன்னொட்டு, நடுவில் ஒரு சின்னச் சொல், கடைசியில் ஒரு விகுதி என்று ஒட்டிக் கட்டியவை. அதனால் கடைசியில் இருந்து தொடங்குங்கள். வாலை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள், மீதி எழுத்துகளில் தலை தானாகத் தெரியும்.

செய்து பார்ப்போம். ஐ-என்-ஜி மூன்றும் இருக்கிறது, எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். அதை ஒதுக்கினால் மீதி ஏ, இ, ஆர், எஸ், டி, யு. டியரிங் கிடைக்கிறது, ஸ்டேரிங் கிடைக்கிறது, இரண்டும் ஏழெழுத்து. இங்கேயே நின்று அரை மணி நேரம் குழம்புவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரு வாலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தொங்க வேண்டாம், அதைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த வாலை எடுங்கள். ஐ-இ-எஸ்-டி இருக்கிறதா? இருக்கிறது. மீதி ஏ, ஜி, என், ஆர், யு. ஏ-என்-ஜி-ஆர் என்று வைத்துப் பாருங்கள், ஆங்கிரியஸ்ட், எட்டெழுத்து. யு மட்டும் மிச்சம். அடுத்த வால் டி-யு-ஆர்-இ, பிக்சர், நேச்சர், ஃபர்னிச்சர் எல்லாவற்றிலும் வருவது. அதை ஒதுக்கினால் மீதி எஸ், ஐ, ஜி, என், ஏ. இப்போது சைன் என்ற சொல் வரிசையாக அப்படியே கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. சிக்னேச்சர், ஒன்பதும் தீர்ந்தது. அவள் கத்திய கத்தலில் அடுப்படியில் இருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

ஆங்கிரியஸ்ட் ஏன் அவளுக்கு அதுவரை தெரியவில்லை என்று யோசித்தால், கட்டத்தில் ஒய் இல்லை. ஆங்கிரி என்றால் கடைசியில் ஒய் என்று மனது பழகிவிட்டது. அந்த ஒய், விகுதி வந்து சேரும்போது ஐ ஆகிவிடும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் என்று வந்தனன் என்ற சொல்லைப் பிரித்தோமே, வா பகுதி, அது வ ஆனது விகாரம், அன் விகுதி என்று, அதே கண்ணால் ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் போதும். விகாரம் மூன்று வகை, தோன்றல், திரிதல், கெடுதல். ரன் என்பதில் ஒரு என், ரன்னிங் என்றால் ஐ-என்-ஜி-க்கு முன்னால் இரண்டு என், அது தோன்றல். ஹாப்பியின் ஒய், ஹாப்பினஸில் ஐ ஆவது திரிதல். மேக் என்பதன் கடைசி இ, மேக்கிங்கில் காணாமல் போவது கெடுதல். எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு பகுதியைத் தேடும்போது இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசி இ போயிருக்குமோ, ஒய் ஐ ஆகியிருக்குமோ, இரண்டு ஒரே எழுத்து இருக்கிறதே, அது இரட்டிப்பில் வந்ததோ? பாதி நீளச் சொற்கள் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன.

வால்களை எப்படி நினைவில் வைப்பது? பட்டியலாக மனப்பாடம் செய்தால் விளையாட்டு நேரத்தில் வராது. நான் எழுத்தை வைத்து நினைவில் வைத்திருக்கிறேன். அபூர்வமான எழுத்து ஒவ்வொன்றுக்கும் அது அடிக்கடி குடியிருக்கும் வீடு ஒன்று உண்டு, எழுத்தைப் பார்த்ததும் வீடு நினைவுக்கு வர வேண்டும். வி இருந்தால் பக்கத்தில் இ இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் சொல் வி-யில் முடிவது மிக மிக அபூர்வம், ஹேவ், கிவ் எல்லாவற்றிலும் பின்னால் ஒரு இ ஒட்டியிருப்பது அதனால்தான். ஆகவே ஐ-வி-இ என்ற வால், இல்லாவிட்டால் முன்னால் ஓவர் என்ற தலை. எஃப் இருந்தால் ஃபுல், அதைவிடப் பெரிதாக ஃபிகேஷன், குவாலிஃபிகேஷன், கிளாசிஃபிகேஷன் என்று ஒரே வாலில் எட்டு எழுத்து தீர்ந்துவிடும். எம் இருந்தால் எம்-இ-என்-டி, ஐ-எஸ்-எம். எச்-சும் பி-யும் சேர்ந்து வந்தால் ஷிப், கிராஃபி, போட்டோ. ஒய் என்றால் எல்-ஒய், ஐ-டி-ஒய், லாஜி. ஜே பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்கு ஜெக்ட் என்று ஒரு நல்ல வீடு இருக்கிறது. ரிஜெக்ஷன், பன்னிரண்டு எழுத்து இன்டர்ஜெக்ஷன் எல்லாம் அங்கேதான். எக்ஸ் என்றால் முன்னால் இ வைத்து எக்ஸ் என்ற தலை, எக்ஸ்ட்ராடினரி பதின்மூன்று எழுத்து, எக்ஸ்பெரிமென்டேஷன் பதினைந்து. க்யூ என்றால் யு-வைக் கையோடு சேர்த்துவிட்டுத்தான் யோசிக்கத் தொடங்க வேண்டும், க்வெஸ்சனேர் என்ற பதின்மூன்று எழுத்துச் சொல் என் செல்லம்.

இசட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் இழப்பது இதில்தான். ஆர்கனைஸ் என்பதற்குக் கடைசியில் எஸ்-இ போடத்தான் நமக்குப் பள்ளியில் பழக்கம். அமெரிக்கர்கள் இசட்-இ போடுவார்கள், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இசட்-டையே முதலில் கொடுக்கும். ஆகவே கையில் இசட் வந்தால், எஸ் போட்டுப் பழகிய சொற்களை எல்லாம் இசட் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இன்டஸ்ட்ரியலைசேஷன் பதினேழு எழுத்து, அதில் இசட் உண்டு என்பது பலருக்குத் தோன்றவே தோன்றாது.

தேன்கூட்டுப் புதிர் என்றால் ஆட்டம் கொஞ்சம் மாறும். நியூயார்க் டைம்ஸில் வருகிற ஸ்பெல்லிங் பீ மாதிரி ஆட்டங்களில் ஏழு எழுத்துதான், நடு எழுத்து கட்டாயம், ஆனால் ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். நான்கெழுத்துச் சொல்லுக்கு ஒரு புள்ளி, அதற்கு மேல் எழுத்துக்கு ஒன்று, ஏழு எழுத்தும் வந்துவிட்டால் கூடுதலாக ஏழு. திரும்பத் திரும்ப எடுக்கலாம் என்பதால் இங்கே நீளத்துக்கு எல்லையே இல்லை, ஆனால் ஏழு எழுத்துதானே என்று பார்க்கிறவர்கள் ஏழெழுத்துச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஏ, சி, ஐ, எல், என், ஓ, டி என்ற ஏழையும் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஓ. பார்த்ததும் டி-ஐ-ஓ-என் தெரிகிறது, முன்னால் ஏ சேர்த்தால் ஏஷன். அந்த வாலைப் பேப்பரின் வலது ஓரத்தில் ஒரு தடவை எழுதிவிட்டு இடது பக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். நேஷன், லொக்கேஷன், சைட்டேஷன், லாக்டேஷன், ஒன்பது எழுத்து ஆகிவிட்டது. லொக்கேஷனுக்கு முன்னால் ஏ-எல் ஒட்டினால் அலொக்கேஷன், பத்து. சி-ஓ-எல் ஒட்டினால் கொலொக்கேஷன், பதினொன்று. ஐ-என் வைத்துத் தொடங்கினால் இன்டோனேஷன், சி-ஓ-என் வைத்தால் கானோட்டேஷன். வாலில் முதல் ஏ-வை ஐ ஆக்கினால் கோஅலிஷன், அதாவது கூட்டணி. கடைசியில் கன்சிலியேஷன், தொழிற்சங்கத் தகராறுகளில் வரும் சமரசப் பேச்சுவார்த்தை, பன்னிரண்டு எழுத்து, ஏழும் உள்ளே வந்துவிட்டதால் புள்ளிக் கணக்கில் 12-ம் 7-ம் 19. ஏழே எழுத்தில் இருந்து பன்னிரண்டு எழுத்துச் சொல்!

இதில் சி-ஓ-என், சி-ஓ-எல் இரண்டும் ஒரே முன்னொட்டுதான் என்பதைக் கவனித்தீர்களா? பின்னால் எல் வந்ததால் என்-னும் எல் ஆகிவிட்டது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆவது மாதிரி. ஐ-என் என்ற முன்னொட்டும் இப்படித்தான், லீகலுக்கு முன்னால் இல்லீகல், பாசிபிளுக்கு முன்னால் இம்பாசிபிள், ரெகுலருக்கு முன்னால் இர்ரெகுலர். ஆகவே எழுத்தை இரட்டிக்கலாம் என்ற ஆட்டத்தில் சொல்லின் ஆரம்பத்தில் இரட்டை எல், இரட்டை என், இரட்டை எம், இரட்டை ஆர் வைத்துப் பார்ப்பது எப்போதுமே லாபம். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தேன்கூட்டில் பத்தெழுத்து தாண்டத் தொடங்கியது.

ஸ்கிராபிளுக்கு வருவோம். பலகை 15-க்கு 15 கட்டம், கையில் ஏழு வில்லை, ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி போனஸ். அந்த 50-க்காகத்தான் நீளச் சொல் தேடுகிறோம். மொத்தம் 100 வில்லையில் இ மட்டும் 12, ஏ-யும் ஐ-யும் ஒன்பது ஒன்பது, எஸ் நான்கே நான்கு. இதை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் கணக்குப் போட்டார், எஸ்-ஸை வேண்டுமென்றே குறைத்தார், பன்மை போட்டே எல்லோரும் ஜெயித்துவிடக் கூடாது என்று. அதனால் கையில் ஒரு எஸ் வந்தால் அதை மூன்றெழுத்துச் சொல்லுக்கு வீணாக்காதீர்கள். வில்லைகளை ராக்கில் வாங்கிய வரிசையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. வால் எழுத்துகளை வலது ஓரம் ஒதுக்கி, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, மீதியைக் கலைத்துக் கலைத்து அடுக்குங்கள். பேப்பரில் என்றால் எழுத்துகளை வட்டமாக எழுதுங்கள். வரிசையாக எழுதினால் கண் அந்த வரிசையிலேயே படித்துப் படித்துச் சிக்கிக்கொள்ளும், வட்டத்தில் தொடக்கமும் முடிவும் இல்லை. பிரிட்டனின் கவுண்ட்டவுன் டிவி நிகழ்ச்சியில் ஒன்பது எழுத்தைக் கொடுத்து 30 விநாடிதான் கொடுப்பார்கள். அவ்வளவு வேகம் நமக்குத் தேவையில்லை, ஆனால் வீட்டில் மூன்று நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பழகினால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு வகைக் கேள்வி, இந்த மூன்று எழுத்தும் இதே வரிசையில் ஒட்டி வரும் சொல் சொல்லு என்பது. கே-ஜி-ஆர் அடுத்தடுத்து வர வேண்டும் என்றால் எங்கே போவது? எந்த ஒற்றைச் சொல்லும் வாயில் வராத அளவுக்கு மெய்கள் இடித்துக்கொண்டு நின்றால், அது பெரும்பாலும் இரண்டு சொற்கள் சேர்ந்த மூட்டு. நிலைமொழி கே-யில் முடிகிறது, வருமொழி ஜி-ஆரில் தொடங்குகிறது என்று பிரித்துப் பாருங்கள். பேக்கும் கிரவுண்டும், பேக்கிரவுண்ட். டி-சி-எச்-பி-எச்-ஆர் என்று ஆறு மெய் வரிசையாக வந்தால் கூட அசர வேண்டாம், கேட்ச்சும் ஃப்ரேஸும் சேர்ந்த கேட்ச்ஃப்ரேஸ். ஆர்-எல்-டாக்டர் டி-டபிள்யூ என்றால் வேர்ல்ட்வைட். எழுத்துகளை வெட்டும் இடத்தை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள், மூன்றெழுத்து என்றால் இரண்டே இடம்தானே.

எல்லாத் துண்டும் சேர்ந்து வரும் சொல் ஒன்றை எப்போதும் உதாரணமாகச் சொல்வேன், அன்காப்பிரைட்டபிள். பதினைந்து எழுத்து, ஒரு எழுத்துகூட இரண்டாம் முறை வராது. முன்னால் அன், நடுவில் காப்பி, ரைட் என்று இரண்டு முழுச் சொல், கடைசியில் ஏ-பஸ் பி-எல்-இ. ஒரே துண்டாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஐந்து எழுத்துதான். இதற்கு மாறாக, ஆங்கிலத்திலேயே நீளமானது என்று சொல்லி நிமோனோவில் தொடங்கும் 45 எழுத்து நுரையீரல் நோய்ப் பெயர் ஒன்றைப் பிள்ளைகளுக்கு உருப்போட வைக்கிறார்கள். அது 1930-களில் அமெரிக்கச் சொற்புதிர்க்காரர் ஒருவர் நீளத்துக்காகவே ஒட்டவைத்துச் செய்தது. ஆசைக்குப் படிக்கலாம், 15 கட்டப் பலகையில் அதை எங்கே வைப்பது?

யோசித்து முடித்த பிறகு கணினியைத் தொடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். இணையத்தில் தேடும் அகராதிகள் பலவற்றில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எத்தனை எழுத்தும் வரலாம், கேள்விக்குறி போட்டால் சரியாக ஒரு எழுத்து. நட்சத்திரம், கே-ஜி-ஆர், மறுபடி நட்சத்திரம் என்று தட்டினால் நடுவில் அது வரும் சொல் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இணையமே வேண்டாம், யூஎஸ்ஆர் என்ற ஃபோல்டருக்குள் ஷேர், அதற்குள் டிக்ட், அதற்குள் வேர்ட்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறது, வரிக்கு ஒரு சொல்லாக இரண்டு லட்சத்துக்கு மேல். டெர்மினலில் கிரெப் என்ற தேடும் கட்டளையால் முதலில் ஒரு எழுத்து உள்ள சொற்களை வடிகட்டி, வந்ததை அடுத்த எழுத்துக்கு மறுபடி வடிகட்டி, இப்படியே ஒன்றின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் பைப் குறியால் குழாய் மாட்டிக்கொண்டே போனால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் கேட்கலாம். நீளம் வேண்டுமென்றால் எழுத்துக்கு ஒன்றாகப் பத்து முற்றுப்புள்ளி வைத்துத் தேடினால் பத்தெழுத்துக்குக் குறைந்ததெல்லாம் உதிர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை, அந்தப் பட்டியல் 1934-ல் வந்த வெப்ஸ்டர் அகராதியில் இருந்து எடுத்தது, புதுச் சொற்கள் இருக்காது, பன்மையும் இங் வடிவங்களும் பெரும்பாலும் இருக்காது. அதில் இல்லை என்பதற்காக உங்கள் சொல் தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்கிராபிளுக்கு அந்தந்தப் போட்டி எந்தப் பட்டியலை ஏற்கிறதோ அதுதான் தீர்ப்பு, வட அமெரிக்காவுக்கு ஒன்று, மற்ற நாடுகள் பெரும்பாலானவற்றுக்குக் காலின்ஸ்.

அக்கா மகளுக்குப் பழைய மாதக் காலண்டர் அட்டையை வெட்டி எழுத்துச் சீட்டு செய்து கொடுத்தேன். வால்களை மட்டும் சிவப்பு மையில் ஒட்டுமொத்தமாக ஒரே சீட்டில் எழுதியிருக்கிறேன், டி-ஐ-ஓ-என் ஒரு சீட்டு, எம்-இ-என்-டி ஒரு சீட்டு என்று. அதை நகர்த்தி நகர்த்திப் பழகிவிட்டால் கொஞ்ச நாளில் சீட்டு இல்லாமலே கண்ணுக்குள் நகரத் தொடங்கிவிடும்.

உங்களுக்கும் ஒன்று கொடுத்துவிட்டுப் போகிறேன்: ஏ, சி, இ, எச், ஓ, ஆர், இன்னொரு ஆர், எஸ், டி. இ-ஆர், இ-எஸ்-டி என்று வால்கள் கண்ணைக் கட்டும், ஒன்றும் ஒட்டாது. அப்படி ஒட்டாதபோது மூட்டைத் தேட வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒன்பதும் தீரும் சொற்கள் இதில் இரண்டு இருக்கின்றன. ஒன்று கச்சேரி மேடையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், இன்னொன்று வண்டி இழுக்கும்.